முதலில் அனுப்பியவர்

அந்த வீடியோவை இரண்டு முறை சத்தமில்லாமல் பார்த்தேன். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். முதலில் ஒலியை அடைத்துவிடுவோம். அழுகையும் அலறலும் பின்னணி இசையும் காதில் விழுந்தால் தீர்மானம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முதலில் கண், பிறகு காது, கடைசியில் விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது.

படத்தில் ஒரு குறுகலான தெரு. யாருடைய வீட்டுச் சுவரிலோ பொருத்திய காமிரா மேலிருந்து பார்க்கிறது. சாயங்கால வெளிச்சம், மங்கல். சிமெண்டு படிந்த சட்டையும் மடித்துக் கட்டிய கைலியுமாக ஒருவர் வேகமாக நடந்து வருகிறார். அவர் தோளில் ஒரு சிறுமி. பட்டுப்பாவாடை, தலைநிறையப் பூ. கால்களை உதைத்து அழுகிறாள். அவர் அவளை இறுக்கிப் பிடித்தபடி படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். அவ்வளவுதான்.

மேலே சிவப்பு எழுத்தில் மலையாளம். குழந்தைகளைக் கடத்தும் தமிழ்க் கும்பல் நகரத்துக்குள் நுழைந்துவிட்டது, எல்லாருக்கும் பகிருங்கள் என்று.

எங்கோ பார்த்த தெரு என்று தோன்றியது. ஒரே கூரைக்கோடு, ஒட்டிய சுவர்கள், வாசலில் கோலம். அப்படித் தெருக்கள் பல இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டினேன்.

"எல்லாரும் கேட்டுக்கோங்கோ. கொழந்தைகளை ஒடனே ஆத்துக்குள்ள கூப்டுக்கோங்கோ. ஒருத்தன் ஒரு பொண்கொழந்தையத் தூக்கிண்டு போறான், நான் என் கண்ணால பாத்தேன். அது அவன் கொழந்தை இல்லை, பாத்தாலே தெரியறது. தமிழாளு, பணிக்காரன். எல்லாருக்கும் சொல்லிடுங்கோ, கேட்டேளா?"

என் அம்மா.

குரல் முடிந்ததும் வீடியோ தானாக மறுபடி ஓடத் தொடங்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். ஹெட்போன் என் காதில்தான் இருந்தது, அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் நான் திரையைக் கையால் மறைத்தேன்.

நாங்கள் என்ன செய்கிறோம்

கழக்கூட்டத்துப் பக்கம் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் என் அலுவலகம் இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அங்கே சரியாக என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். இந்த வாரம் சொல்லியே ஆக வேண்டும்.

சினிமாவுக்குத் தணிக்கை உண்டு. தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு நெறிமுறை உண்டு. பத்திரிகைக்கு வேறு சட்டங்கள். இணையத்துக்கென்று அரசு தனி விதிகள் வைத்திருக்கிறது. பெரிய செயலி ஒவ்வொன்றும் இந்த நாட்டில் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். புகார் கிடைத்தது என்று சொல்ல ஒரு கெடு. தீர்த்துவைக்க ஒரு கெடு. அந்தரங்கப் படம் என்றால் கெடு சுருங்கும். அரசோ நீதிமன்றமோ உத்தரவிட்டால் இன்னும் சுருங்கும். கெடுவைத் தவறவிட்டால் செயலிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு போய்விடும்.

அதிகாரி ஒருவர்தான். புகார்கள் ஏராளம். அவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் படித்து, பார்த்து, கேட்டு, எந்த விதியின் கீழ் வரும் என்று பிரித்துக் கொடுப்பது எங்கள் குழு. நான் பொறியியல் படித்தவள். பிரிப்பது எனக்குப் பிடிக்கும். யாருடைய புகார், யாரைப் பற்றியது, என்ன கெடுதல், யாருக்கு. நாலு கேள்வி கேட்டால் எந்தக் குப்பையும் ஏதாவது ஒரு கூடையில் விழுந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

விதிகளில் இன்னொன்று உண்டு. செய்தி அனுப்பும் பெரிய செயலிகள், கடுமையான குற்றமாக இருந்து நீதிமன்றமோ உரிய அதிகாரியோ கேட்டால், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று சொல்ல வேண்டும். அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே திறக்கக்கூடிய, பூட்டிய உறைக்குள் இருப்பதை எப்படிச் சொல்ல முடியும், சொல்லலாமா என்று வழக்கு நடக்கிறது. பயிற்சி வகுப்பில் இந்த விதி வரும்போது எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். போன மழைக்காலத்தில் ஒரு பெண் கேட்டாள், "சேச்சி, இந்த முதல்ல அனுப்பறவங்க எப்படிப்பட்ட ஆளா இருப்பாங்க?"

"நம்ம மாதிரி சாதாரண ஆளா இருக்க மாட்டாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தோம்.

ஷீபா சேச்சியின் மேஜை

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட புகாரைத் தொடக்கூடாது. உடனே மேலாளரிடம் சொல்ல வேண்டும். எங்கள் மேலாளர் ஷீபா சேச்சி, கொல்லத்துக்காரர், நாலு வாக்கியத்தில் ஒன்றாவது கேலியாக இருக்கும். அவர் மேஜை முன் போய் நின்றேன்.

"சேச்சி, ஒரு புகாரை வேற ஆளுக்கு மாத்தணும். அதில் வர்ற குரல் எனக்குத் தெரிஞ்சவங்களோடது."

"காமுகனாணோ?" என்றார், காதலனா என்ற கேலியில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அம்மா."

ஷீபா சேச்சி நாற்காலியைத் திருப்பினார். ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும். கேட்டு முடித்து ஹெட்போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். கேலி எதையாவது தேடினார் என்று நினைக்கிறேன், கிடைக்கவில்லை.

"புகார் ஆராணு கொடுத்தது?"

அதையும் படித்திருந்தேன். அந்தச் சிறுமியின் பள்ளி ஆசிரியை. இவர் குழந்தையின் தகப்பனார், எனக்கு நேரில் தெரியும், இந்த வீடியோவால் இன்று காலையில் சாலைக் கடைத்தெரு அருகே குழந்தையோடு போன இவரைக் கூட்டம் பிடித்துவைத்துவிட்டது, போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் போய்ச் சொன்ன பிறகுதான் விட்டார்கள், தயவுசெய்து இதை எடுங்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தார். வகை என்ற இடத்தில் 'மற்றவை' என்று குறித்திருந்தார்.

ஆசிரியை பாதிக்கப்பட்டவர் அல்ல. மூன்றாம் நபர். மூன்றாம் நபர் புகாருக்கு ஒரு பதில் தானாகவே போகும். பாதிக்கப்பட்ட நபர் அல்லது குழந்தையின் பெற்றோர், அடையாளச் சான்றுடன் நேரடியாக விண்ணப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தங்கள் அக்கறைக்கு நன்றி. அந்தப் பதிலின் தமிழ் வாசகம் நான் எழுதியது. அது ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"நீ வீட்டுல போ, வித்யா" என்றார் ஷீபா சேச்சி. "இது ஞான் நோக்கிக்கொள்ளாம்."

எங்கள் வீட்டுத் தணிக்கைக் குழு

பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தபோது, சம்பந்தமில்லாமல் ஸ்டேப்ளர் ஞாபகம் வந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு இரண்டு வாரப் பத்திரிகைகள் வரும். பையன் போட்டுவிட்டுப் போனதும் அம்மா எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்குக் கிடைக்கும்போது சில பக்கங்கள் ஒன்றோடொன்று பின் அடித்து மூடியிருக்கும். சினிமாக்காரிகளின் நடுப்பக்கம், மருத்துவர் பதில் சொல்லும் பக்கம், சில தொடர்கதைகளின் சில வாரங்கள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும், ஒன்றும் படிக்க முடியாது. முயன்று பார்த்திருக்கிறேன்.

தொலைக்காட்சியில் ஏதாவது வரப்போகிறது என்றால் அம்மாவுக்கு எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடும். திரைக்கு முன்னால் வந்து நின்று புடவைக் கொசுவத்தைச் சரிசெய்யத் தொடங்குவாள். அது சரியாகிற நேரத்தில் பாட்டு முடிந்திருக்கும். அப்பா உயிரோடு இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "சென்சார் போர்டு எழுந்து நின்னாச்சு, நாம காப்பி குடிக்கலாம்."

அம்மா அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குத் தணிக்கைப் பிரிவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். ஒரு தொகைக்கு ஆதாரம் இல்லையென்றால் எந்த அதிகாரி சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டாள். அதற்காக ஒரு முறை இடமாற்றமும் வாங்கியிருக்கிறாள். வீட்டுக்குள் என்ன வரலாம் என்பதில் அவளுக்கு அவ்வளவு கண்டிப்பு. வீட்டிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதைப் பற்றி அவளும் யோசித்ததில்லை, நானும் அவளிடம் பேசியதில்லை. பகல் முழுக்க ஊராருடைய செய்திகளைப் பிரித்துப்போட்டுவிட்டு வந்து, அம்மா கையில் இருக்கும் போனை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

கொலு பார்க்க வந்த பெண்

வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா கேட்டாள்.

"என்ன குட்டி, சீக்கிரம் வந்துட்டே? தலைவலியா?"

நவராத்திரி முடிந்து இரண்டொரு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா கூடத்தில் உட்கார்ந்து பொம்மைகளைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்து வீடியோவைப் போட்டேன்.

தன் குரலைக் கேட்டதும் அம்மாவின் முகத்தில் முதலில் வந்தது பெருமை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

"அடேயப்பா, இத்தனை தூரம் போயிடுத்தா! மாமிகள் குரூப்ல போட்டேன். பிடிச்சுட்டாளா அவனை?"

"பிடிச்சுட்டாம்மா. அவர் அந்தக் கொழந்தையோட அப்பா."

அம்மா கையில் செட்டியார் பொம்மை இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடினாள்.

"யார் சொன்னா?"

"கொழந்தையோட டீச்சர். போலீஸ்."

"அப்படின்னா… அது ஏன் அப்படி அழணும்? பின்னே அவன் ஏன் ஓடணும்?"

எதிர்வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் தரை பெயர்த்து டைல் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் அந்தச் சிறுமியும் ஒரே வகுப்பு. கொலுவுக்கு வா என்று தோழி கூப்பிட்டிருக்கிறாள். சிறுமியைக் காலையில் அலங்கரித்து, அங்கே வேலைக்கு வரும் அப்பாவோடு அம்மாக்காரி அனுப்பிவைத்திருக்கிறாள். பகல் முழுக்கப் பெண்கள் உள்ளே பொம்மைகளோடு. அவர் பின்கட்டில் டைல்களோடு. சாயங்காலம் வேலை முடிந்ததும் வா போகலாம் என்றிருக்கிறார். அவள் வரமாட்டேன் என்றிருக்கிறாள். சுண்டல் கொடுப்பதற்குள் கூப்பிட்டுவிட்டார் என்று கோபம். மழை வரும்போல் இருந்ததால் அவர் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார்.

இதெல்லாம் நான் உடனே அந்த வீட்டு மாமியிடம் போய்க் கேட்டுவந்து அம்மாவிடம் சொன்னது. காமிராவும் அவர்கள் வீட்டுக் காமிராதான். அம்மாவின் குரலைக் கேட்டுப் பதறி, அந்த வீட்டு மாமா, வீட்டில் யாரிடமும் காட்டாமல், காமிராப் பதிவை எடுத்துத் தெருக் குழுவில் போட்டிருக்கிறார். தன் வீட்டில் பகல் முழுக்க வேலைசெய்த ஆளையோ, தன் பெண்ணோடு விளையாடிய குழந்தையையோ அவருக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ குரலையும் படத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். யாரோ சிவப்பு எழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றாள் அம்மா. "ஒண்ணும் சொல்லாம இருந்து, நெஜமாவே கடத்திண்டு போயிருந்தா?"

"அது அவன் கொழந்தை இல்லைன்னு சொன்னியேம்மா. பாத்தாலே தெரியறதுன்னு. எதைப் பாத்து?"

அம்மா பொம்மையைத் துணியில் சுற்றினாள். பிரித்தாள். மறுபடி சுற்றினாள்.

யாரும் தேடமாட்டார்கள்

இரவு சாப்பாட்டுக்கு முன்பே ஷீபா சேச்சி கூப்பிட்டார். சிவப்பு எழுத்தோடு வீடியோவை ஏற்றிய மலையாளப் பக்கம் அதைத் தானாகவே எடுத்துவிட்டது. போலீஸ் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கள் செயலியில் மற்றவர்கள் ஏற்றிய பிரதிகளை எடுக்க வேண்டுமானால் தகப்பனாரின் புகார் வேண்டும். "பின்னே மெசேஜில் கறங்குன்னது… அது நினக்கறியாமல்லோ" என்றார், செய்தியாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பற்றி.

தெரியும். ஆளுக்கு ஆள் அனுப்பும் செய்திகளின் மேல் எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவை பூட்டிய உறைகள். குழுவில் போட்டதை நீக்கும் கெடுவும் தாண்டிவிட்டது. எத்தனை போன்களில் இருக்கிறதோ அத்தனை போன்களிலும் இருக்கும்.

முதலில் அனுப்பியவர் யார் என்றும் யாரும் தேடப்போவதில்லை. டைல் வேலைக்காரர் ஒருவரைக் கடைத்தெருவில் சட்டையைப் பிடித்து நிறுத்தியதற்காக எந்த நீதிமன்றமும் அந்த விதியை எடுக்காது. விதி பெரிய குற்றங்களுக்கானது. ஸ்டேஷனில் அவரை விட்டாயிற்று, குழந்தை வீட்டில் இருக்கிறது, விஷயம் முடிந்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மூச்சு சீராக வந்தது. வெட்கம் என்று நான் இன்று நினைப்பது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான்.

அம்மாவிடம் சொன்னேன். அவளும் ஆசுவாசப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அவா ஆத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டாள்.

கிள்ளிப்பாலத்துக்கு அப்பால்

மறுநாள் ஞாயிறு. கிள்ளிப்பாலம் தாண்டி ஒரு சந்தில் வரிசையாக ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள். டைல் வேலை நடந்த வீட்டு மாமியிடம் எண் வாங்கிக் கேட்டதில், ஆசிரியை வழி சொல்லியிருந்தார். அம்மா ஒரு பையில் பழம் வாங்கிவைத்திருந்தாள். பாதி வழியில் அதை என் கையில் கொடுத்துவிட்டாள்.

கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் உள்ளே பேச்சு நின்றது. ஜன்னல் திறந்தது.

"யாரு?" என்று ஒரு பெண்.

"வலியசாலைலேர்ந்து வரோம்" என்றாள் அம்மா.

குரலைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் பார்வை மாறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அம்மாவையே பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, அந்த மாமி வந்திருக்காவ. அந்தச் சத்தம்" என்றாள்.

அவள் பெயர் தங்கம். கணவர் இசக்கிமுத்து. வள்ளியூர்ப் பக்கம். இங்கே வந்து குழந்தை பிறந்து, குழந்தை இப்போது மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது. அந்தக் குழந்தை அபிநயா, மூலையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

இசக்கிமுத்துவின் உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது. நாற்காலியை எங்கள் பக்கம் தள்ளினார். ஒரே நாற்காலி. அம்மா உட்காரவில்லை.

"நான்தான் பேசினேன்" என்றாள். "எனக்குத் தெரியாது. கொழந்தை அழறதைப் பாத்து பயந்துட்டேன்."

"அழுவாதா பின்னே?" என்றாள் தங்கம். "பிள்ளைன்னா அழும். ஒங்க தெருவுல பிள்ளையள் அழாதா? அதுக்கெல்லாம் போலீசா வருது?"

"ஏட்டி, சும்மா இரி" என்றார் அவர்.

"நீங்க சும்மா இருந்தது போதும். ஸ்டேஷன்ல இவட்ட கேட்டிருக்கானுவ மாமி, இது யாரு ஒனக்குன்னு. இவ பயத்துல வாயத் தொறக்கல. அப்பான்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கும் சேத்து ரெண்டு அடி இவருக்கு."

சிறுமி அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையைப் பின்னால் கொண்டுபோய் அவள் தலையைத் தடவினார்.

நான் என் பங்குக்குப் பேசினேன். வீடியோவின் பிரதிகளை எடுக்க அவர் ஒரு புகார் தர வேண்டும், நானே போனில் எழுதிக்கொடுக்கிறேன், அடையாள அட்டையின் படம், தகப்பன் என்று காட்டக் குழந்தையின் சான்றிதழ், அவர் முகத்தின் ஒரு படம். வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே அலுவலகப் பதில் மாதிரி கேட்டது.

"மேடம்" என்றார் இசக்கிமுத்து. "எங்க படம் ஊரெல்லாம் போச்சுன்னுதான் இவ்வளவும். இன்னும் படம் கேக்கீய."

"அதை யாரும் வெளியே காட்டமாட்டாங்க. விதிக்காக—"

"வேண்டாம் மேடம். பிள்ளைக்கு உள்ள ஒண்ணும் இனி எங்கயும் அனுப்பமாட்டேன்."

அந்த விதியை எழுதியவர்கள் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள். எனக்குத் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தங்கம்தான் கேட்டாள். "அந்தச் சத்தம் இன்னும் ஓடிட்டுத்தானே இருக்கு? நாளைக்கு இவளப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போணும். எவனாவது நிறுத்துவான். மாமி, அதே மாதிரி இன்னொண்ணு பேசுங்க. அதே சத்தத்துல. எங்க முன்னாடி."

அம்மா பேசியது

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் செய்திருக்க வேண்டியது தலையாட்டுவது. ஆனால் என் மூளை பட்டியல் போட்டது. பெயர் சொன்னால் அடையாளம் உறுதியாகும். ஒப்புக்கொண்டால் ஆதாரம் ஆகும். இந்தப் பதிவும் வெட்டி ஒட்டப்படலாம். "யோசிச்சுப் பேசும்மா" என்றேன் தாழ்ந்த குரலில். தங்கத்துக்குக் கேட்டுவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

அம்மா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். அன்னிக்குப் பரவின ஒரு வீடியோவால சில பேருக்கு மனவருத்தம் ஏற்பட்டிருந்தா…"

"இருந்தாவா?" என்றாள் தங்கம். இசக்கிமுத்துவின் உதட்டைக் கைகாட்டினாள்.

அம்மா அழித்தாள். மறுபடி தொடங்கினாள். "ஒரு தவறான தகவல் பரவிடுத்து. அதை யாரும் நம்ப வேண்டாம்னு…"

"அது தானா பரவிச்சா மாமி?"

அதையும் அழித்தாள். மூன்றாவது முறை எதுவும் பேசாமலே அழித்தாள். வெளியே யாரோ குழாயடியில் குடத்தை வைக்கும் சத்தம். இசக்கிமுத்து சங்கடத்தோடு, "போதும்மா, விடுங்க. வயசானவிய" என்றார்.

அந்த வார்த்தைதான் அம்மாவை நிமிர்த்தியது என்று நினைக்கிறேன். அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் வலியசாலை அக்ரஹாரத்துல இருக்கற ராஜம். கொழந்தையத் தூக்கிண்டு போறான்னு முதல்ல சொன்னது நான்தான். அது பொய். அவர் பேர் இசக்கிமுத்து. அது அவரோட சொந்தப் பொண்ணு. அது அவன் கொழந்தை இல்லைன்னு நான் சொன்னேன். ஏன் சொன்னேன்னா, கொழந்தை பட்டு உடுத்திண்டிருந்தது, அவர் பணித்துணியில இருந்தார். வேற ஒரு காரணமும் எங்கிட்ட இல்லை. அப்பனும் மகளுமா அவா எங்க போனாலும் யாரும் தடுக்காதீங்கோ. என்னை வேணும்னா வந்து கேளுங்கோ."

அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். என்னிடம் கேட்கவில்லை.

தங்கம் அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். "அந்தப் பாவாடை சாலைக் கடைத்தெருவுல எடுத்தது மாமி. அவ பொறந்தநாளுக்கு. யாரும் குடுத்ததில்ல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பழப் பை இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு

தெருக் குழுவில் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒரு மாமி, இதையெல்லாம் பொதுவில் சொல்லணுமா ராஜம், நம்ம தெருவுக்கே கெட்ட பேர் என்று எழுதினாள். இரண்டு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். கோயிலில் பிரசாதம் வாங்கும் வரிசையில் அம்மாவுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் பார்த்ததால் எழுதுகிறேன்.

ஷீபா சேச்சி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு வரி வாங்கி, குழந்தையின் படம் இல்லாமலே எங்கள் செயலியில் இருந்த பிரதிகளை எடுக்கவைத்தார். எப்படி என்று கேட்டதற்கு, "எல்லாரையும் சல்யப்படுத்தி" என்றார். தொந்தரவு செய்தே சாதித்திருக்கிறார். மூன்றாம் நபருக்குப் போகும் பதிலை நான் மாற்றி எழுதிக் கொடுத்தேன். அது ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.

முதல் குரல் ஓடிய தூரத்தில் இரண்டாவது குரல் கால்வாசிகூட ஓடவில்லை. பயத்தை அனுப்புகிறவர்கள் இதை அனுப்பவில்லை. கொஞ்ச நாள் கழித்து அந்தப் பழைய வீடியோ எனக்கே வந்தது, பத்தனம்திட்டையில் இருக்கும் கல்லூரித் தோழியிடமிருந்து. கவனமாக இரு, உங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று சேர்த்திருந்தாள்.

சென்ற மாதம் ஒரு காலை, கிள்ளிப்பாலம் பஸ் நிறுத்தத்தில் அவர்களைப் பார்த்தேன். நான் பஸ்ஸுக்குள் ஜன்னலோரம் இருந்தேன், பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. இசக்கிமுத்து வேலைக்குப் போகும் உடையில். அபிநயா பள்ளிச் சீருடையில், புத்தகப் பையோடு. எதற்காகவோ சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். நிறுத்தத்தில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார், ஒரு அடி முன்னால் வந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சிறுமி சிணுங்கலை நிறுத்திவிட்டாள். அப்பாவின் சட்டைப் பையைத் தட்டினாள்.

"அப்பா, மாமியப் போடு."

அவர் போனை வெளியே எடுத்தார். என் அம்மா பேசத் தொடங்கினாள், நான் வலியசாலை அக்ரஹாரத்துல இருக்கற ராஜம் என்று. அந்த மனிதர் நின்று கேட்டார். இசக்கிமுத்து போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக அவர் தினமும் கையில் வைத்திருக்கும் அனுமதி அது.

நான் இறங்கிப் போய்ப் பேசியிருக்கலாம். பஸ் கிளம்பும்வரை முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பிக்கொண்டிருந்தேன்.